மஞ்சப் பலகை

ரயிலுக்கு மேடு ஆகாது என்றார் மோகன்ராசு.
நூறடிக்கு ஓரடி ஏறினாலே
எஞ்சினுக்கு மூச்சு வாங்குமாம்.
அதனால் அந்தக் காலத்தில்
பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி
கரட்டை நடுவில் பிளந்து
தட்டு மாதிரி ஒரு வழி போட்டார்கள்.
அகல ரயில் வந்தபோது
அதற்கு நேர்கோடு வேண்டியிருந்தது.
இந்த வளைவை மட்டும்
கழற்றிப் போட்ட வளையலாய்
கோமங்கலத்துக்கு இக்கட்டால
தென்னந்தோப்புகளுக்குள் விட்டுப் போனார்கள்.

இப்போது கிராவல் கொட்டியிருக்கிறது.
சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும்.
மாடு கட்டக் கூடாது, மட்டை போடக் கூடாது
என்று பஞ்சாயத்துப் பலகை.
பலகையிலேயே ஒரு மாடு கட்டியிருந்தது.

ஆடி மாச ஞாயிறு.
மூணு சைக்கிள், நாலு பேர்.
கனிஷ்காவுக்குப் பிறந்தநாள் சைக்கிள்.
மோகன்ராசுக்குத் தம்பியிடம் இரவல் வாங்கிய
இருபத்தோரு கியர்.
எனக்குப் பக்கத்து வீட்டு லேடீஸ் சைக்கிள்,
கேரியரில் மிதுன்.
பதினொண்ணாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது
எனக்கும் ஒன்று இருந்தது.
என் கல்யாணத்துக்கு முந்தின மாசம்
அப்பா அதை முன்னூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்.
கேட்டுவிட்டா செய்தார்.

பதினெட்டு வருசம் மிதிக்காத கால்
பெடலைத் தேடவேயில்லை.
ஒரு மிதிக்கு
நாலு மிதி தூரம் போனது வண்டி.
கனிஷ்கா ஒரு கையை விட்டாள், பிறகு மறு கையை.
மூட்டுக்கு மாத்திரை போடுகிற மனுசன்
"பாத்தியா, ஒடம்பு இன்னும் கெட்டுப்போவுல" என்றார்.
நானும் என் உடம்பைப் பற்றி
அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சினை ஊதச் சொல்லும் மஞ்சப் பலகைகளை
யாரும் பிடுங்கவில்லை.
ஒவ்வொன்றுக்கும் மிதுன் "கூ" என்றான்.
தோப்புக்குள்ளிருந்து மயில் பதில் சொன்னது.
மூன்றாவது பலகையில்
மயில் முந்திக்கொண்டது.
அவனுக்குக் கோபம்.

தோப்பு முடிந்ததும் காற்றாலைகள்.
அத்தனையும் எங்கள் பக்கமே முகம் வைத்துச் சுற்றின.
வரவேற்கின்றன என்று நினைத்தேன்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வழி முடிகிற இடத்தில் இளநீர்க்காரம்மா
சீவிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்:
"மேக்க இருந்தா வந்தீங்க?
வந்தது சரி."
அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

திரும்பினோம்.
பாலக்காட்டுக் கணவாய்
வாயைத் திறந்து வைத்திருந்தது.
முகத்தில் மண், பல்லில் மண்.
சைக்கிள் கெட்டுப்போச்சு என்று கனிஷ்கா அழுதாள்.
மோகன்ராசு இருபத்தோரு கியரையும் போட்டுப் பார்த்து
இல்லாத இருபத்திரண்டாவதைத் தேடினார்.
யார் இந்த யோசனை சொன்னது என்று
ஒரு சண்டை. சின்னதுதான்.
குட்டியானை வண்டியைக் கூப்பிடலாம் என்றார்.
"எப்படிங்க வரும்? ரெண்டு முனையிலும்
கல்லு நட்டிருக்குதுல்ல."

துப்பட்டாவை அவிழ்த்து
மிதுனை என் இடுப்போடு கட்டினேன்.
"அம்முணி, எம்பின்னால ஒட்டி வா.
நீங்க அவளுக்குப் பின்னால.
முன்ன வராதீங்க."
குனிந்தேன்.
ஹேண்டிலுக்குக் கீழே கொஞ்சம்
காத்து இல்லாத இடம் இருக்கிறது.
உலகத்தில் அவ்வளவுதான் எனக்கு,
அதில் தலையை வைத்து மிதித்தேன்.

"நாம ரயிலு" என்று முதுகில் ஒரு குரல்.
"அம்மா எஞ்சினு. அப்பா கார்டு பெட்டி."
கார்டு பெட்டி ஒன்றும் பேசவில்லை.
ஆனால் விலகாமல் வந்தது;
சங்கிலிச் சத்தம் கேட்டபடி இருந்தது எனக்கு.

பாலம் போனது.
தேங்காய் நார் அடைத்த பழைய கேட்டு வீடு போனது.
தொடை இரண்டும் வேறு யாருடையதோ ஆயின.

மஞ்சப் பலகை வந்தது.
முதுகில் சத்தமில்லை. தூங்கிவிட்டிருந்தான்.
கனிஷ்காவும் ஊதவில்லை, அவரும் ஊதவில்லை.
விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா.
"கூ" என்றேன்.
மூச்சு அவ்வளவுதான் இருந்தது.
மயில் பதில் சொல்லியிருக்கலாம்.
காத்து அதையும்
உடுமலைப் பக்கம் கொண்டுபோயிருக்கும்.